நன்னிலையில் நான்கு டயர்கள்

வழியில் எது கிடந்தாலும் பார்க்காதது போல் நடந்துவிட வேண்டும் என்பது கல்வராயன் மலை அடிவாரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அய்யனாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மாசி மாதத்துக் காலையில், கரியாலூரிலிருந்து கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கியவர், மூன்றாவது வளைவில் சிவப்பாக ஒரு கார் ஓரங்கட்டி நிற்பதைப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சொல்லவும் சொன்னார். பிறகு நடந்ததெல்லாம் அவர் வாயால் வந்ததுதான்.

கார் நம் பக்கத்துக் கார் இல்லை. தவளை குந்தியிருப்பது போலத் தரையோடு கிடந்தது. கதவு இரண்டே. டயர்கள் மட்டும் மாட்டின் நெற்றியைப் போல அகலம். ஓட்டி வந்தவன் காட்டுக்குள் ஓடிவிட்டான் என்றார்கள். வெளிநாட்டுச் சரக்கு கடத்துகிறவன் என்றார்கள். எவனாக இருந்தாலும் அவன் திரும்பி வரவே இல்லை. அந்த விஷயத்தில் அவன் அய்யனாரைவிடப் புத்திசாலி.

கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை மாடியில் கேட்பாரற்ற வாகனங்கள் பேணுதல் அலுவலகம் என்று ஒன்று இருந்தது. முப்பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அவர்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு மொபெட். அதையும் மூன்றாம் நாளே ஒரு வாத்தியார் வந்து தன்னுடையது என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து முப்பத்தொன்பது பேரும் பேணுவதற்கு ஒன்றுமில்லாமல் நாற்காலிகளைப் பேணிக்கொண்டிருந்தார்கள். அய்யனார் படியேறி விஷயத்தைச் சொன்னதும், பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பது போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். அரசாங்க ஆபீசில் தனக்காக ஆட்கள் எழுந்து நின்று அய்யனார் பார்த்ததில்லை. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம்.

பேணுதல் அலுவலர் இளஞ்செழியன் தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்தார். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். பன்னிரண்டாம் விதியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"வாகனத்தை முதலில் பார்த்தது யார்? நீங்க. உரிமையாளர் வர்ற வரைக்கும் பார்த்தவர்தான் உரிமையாளர். வாழ்த்துகள்."

"எனக்கு வோணாங்க. தகவல் சொல்லத்தாங்க வந்தேன்."

"வேணாம்னு சொல்ற உரிமை உரிமையாளருக்குத்தான் உண்டு. அதுக்கு நீங்க முதல்ல உரிமையாளர்னு கையெழுத்துப் போடணும்."

அய்யனார் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, தற்காலிக உரிமையாளர் நிரந்தரமாக மறுக்க முடியாது என்று பதின்மூன்றாம் விதியைப் படித்துக் காட்டினார்கள்.

இப்படியாக, வடக்கனந்தலுக்கு மேற்கே மலையடியில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும், ஒரு ஜோடி மாடும், ஒரு டயர் வண்டியும் வைத்திருந்த அய்யனார், மணிக்கு நூற்றைம்பது மைல் போகும் காருக்குச் சொந்தக்காரர் ஆனார். சாவி இல்லை. ஓட்டவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்டக் கூடாது. உடம்பு துருப்பிடிக்கலாம், கண்ணாடி போகலாம், அதையெல்லாம் அலுவலகம் மன்னிக்கும். சக்கரமும் டயரும் மட்டும் கண்டெடுத்த நாளில் இருந்தது போலவே இருக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் ஆறு மாதம் உள்ளே. ஏன் டயர் மட்டும் என்று அய்யனார் கேட்டார். அலுவலகத்திடம் இருந்த அளவுகோல் டயரை அளக்கும் கோல் ஒன்றுதான் என்று பியூன் பாவாடை காதோடு சொன்னார். அந்த முப்பத்தொன்பது பேரில் உண்மை பேசியவர் பாவாடை ஒருவரே. அவருடைய சம்பளம்தான் எல்லோரையும்விடக் கம்மி.

அன்றே ஆள் வைத்து மலையிலிருந்து தள்ளிவந்து வீட்டில் விட்டார்கள். மனைவி பெரியநாயகி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு. பத்தடி வேகமாக நடந்தால் நெஞ்சுக்குள் துருத்தி ஊதும். மாதம் முதல் திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் வருவார். வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்து அய்யனார் ஓட்டிப்போவார். ஊசி போட்டால் அந்த மாதம் மூச்சு ஓடும். நடுவில் முற்றினாலும் அதே வண்டிதான். அவர்கள் குடியிருந்த கொட்டாயிலிருந்து பஸ் நிற்கும் சாலைக்கு மூன்று மைல். சுற்றுக் கொட்டாய்களில் வேறு வண்டி கிடையாது. வண்டி இருக்கிறவரை அவளுக்கு மூச்சு இருந்தது.

"இத்த இன்னாய்யா பண்றது?" என்று கேட்டாள்.

"பாத்துக்கணுமாம்."

"என்ன யாரு பாத்துக்கறது?" என்று சிரித்தாள். சிரித்ததில் கொஞ்சம் இருமலும் வந்தது.

டயரில் வெயில் படக் கூடாது என்பதால் மாடுகள் கொட்டகையை விட்டு வெளியே வந்தன, கார் உள்ளே போனது. டயரின் ஒரே பக்கம் தரையில் அழுந்தக் கூடாது என்பதால், நாள்தோறும் காலையில் நான்கு சக்கரத்தையும் கால் சுற்றுத் திருப்பி, திருப்பு ஏட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும். சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறி பெரியநாயகி பாதிக் கழுவலில் உட்கார்ந்துவிடுவாள். மீதியை அய்யனார் கழுவுவார்.

சித்திரையில் ஓர் உத்தரவு வந்தது. சக்கரங்களைக் கழற்றி மூன்று நாள் ஏரியில் ஊறப்போட வேண்டும். அய்யனாருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. கோடையில் மரம் சுருங்கி இரும்புப் பட்டா கழன்றுவிடும் என்று, மரச்சக்கரத்தைத்தான் அப்படித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளைக்காரன் புத்தகம் எழுதிய காலத்தில் அரசாங்க வாகனம் என்றால் கட்டைவண்டி. இதை அவர் கும்பிட்டபடி சொல்லிப் பார்த்தார்.

"ரப்பரப் பத்தி நீங்க எங்க படிச்சீங்க?" என்று இளஞ்செழியன் கேட்டார்.

அய்யனார் எங்கும் படிக்கவில்லை. ஆகவே சக்கரங்கள் ஏரிக்குப் போயின. பக்கத்துக் கொட்டாய்க்காரன் பச்சமுத்து, பெரியநாயகிக்குத் தம்பி முறை, கூடவே இறங்கித் தள்ளினான். மூன்று நாளும் எருமைகள் அவற்றின்மேல் முதுகு தேய்த்தன. ஊறிய பின் பெருத்த அளவு என்று படிவத்தில் ஒரு கட்டம். அய்யனார் நூல் போட்டு அளந்து, பெருக்கவில்லை என்று எழுதினார். பெருக்காதது பேணாமையின் அடையாளம் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. "அரை விரக்கடைன்னு எழுதுய்யா. யாரு வந்து பாக்கப்போறா" என்று பாவாடை வழி சொன்னார். அரை விரற்கடை என்று எழுதினார். அலுவலகம் மகிழ்ந்தது. அடுத்த மாவட்டத்துக்கும் அந்தக் கணக்கை அனுப்பி, அங்கே ஏன் பெருக்கவில்லை என்று கேட்டதாம். அங்கே வாகனமே இல்லை.

இதைவிடப் பெரிது மாதாந்திரப் பார்வை. மாதம் முதல் திங்கட்கிழமை காரை அலுவலகத்தின் முன் கொண்டுவந்து காட்டி, நன்னிலைச் சான்று வாங்க வேண்டும். ஓட்டிவந்தால் டயர் தேயும். கட்டி இழுத்தாலும் தேயும். ஆகவே காரை வண்டியில் ஏற்றிவர வேண்டும். மண்மேடு போட்டு, பத்து ஆள் தள்ளி, கரும்பு பாரம் ஏற்றும் டயர் வண்டியில் காரை ஏற்றினார்கள். மணிக்கு நூற்றைம்பது மைல் போகும் கார் மாட்டின் மூத்திர நாற்றத்துக்குப் பின்னால் மணிக்கு இரண்டு மைல் போனது. காரின் டயர் தேயவில்லை. வண்டியின் டயர் தேய்ந்தது. வண்டி டயருக்குப் புத்தகத்தில் விதி இல்லை. வழியெல்லாம் "கார் மொதலாளி வராரு, ஓரம் போ" என்று கத்தினார்கள்.

முதல் திங்கட்கிழமைதான் நெஞ்சு டாக்டரும் வருகிற நாள். வண்டியில் பெரியநாயகிக்கு இடமில்லை. டயர் பார்வையைச் செவ்வாய்க்கு மாற்றித்தரும்படி அய்யனார் மூன்று மனு கொடுத்தார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: டாக்டரைச் செவ்வாய்க்கு வரச் சொல்லலாம், அதில் இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. பெரியநாயகி மூன்று மைல் நடந்து பஸ் ஏறினாள். நான்கு இடத்தில் உட்கார்ந்து போனாள். இரண்டு மாதம் போனாள். மூன்றாவது மாதம், நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆடியில் திருக்கோவிலூரில் டயர் வார விழா நடத்தினார்கள். மேடையில் கார் ஏற்றப்பட்டது. நான்கு டயருக்கும் மாலை. அய்யனாருக்கு ஒரு துண்டு. இளஞ்செழியன் நாற்பது நிமிடம் பேசினார். அதில் ஒரு பகுதி அய்யனாருக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

"தோழர்களே, மனிதன் தேய்கிறான். அது இயற்கை. ஒருவன் போனால் இன்னொருவன் பிறக்கிறான். ஆனால் இந்த டயர் போனால், இதைப் போல இன்னொன்று இந்த மாவட்டத்தில் பிறக்காது. ஆகவே நாம் எதைப் பேண வேண்டும்? யோசித்துப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் முப்பத்தொன்பது பேர் இரவும் பகலும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறோம்."

கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் முப்பத்தேழு பேர். பாவாடை மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் முற்றிவிட்டது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு எங்கள் பங்கு என்று ஊரூராகக் கூட்டம் நடந்தது. பச்சமுத்துதான் அடிவாரத்துக் கொட்டாய்களுக்குத் தலைவன். ஒருநாள் அய்யனாரிடம் கேட்டான்.

"மாமா, உன் ஆபீசுல முப்பத்தொம்போது பேரு. நம்மாளுங்க எத்தினி பேரு?"

"பாவாடை ஒருத்தரு."

"அவுரு இன்னா பண்றாரு?"

"தண்ணி மொண்டு குடுக்கறாரு."

"அதாம் மாமா போராட்டம்" என்றான் பச்சமுத்து. அய்யனாருக்கு அதில் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. நம்மாளு முப்பத்தொன்பது பேர் அங்கே உட்கார்ந்தால் டயரை ஏரியில் போடச் சொல்லமாட்டார்களா என்று கேட்க நினைத்தார். நியாயமான கோரிக்கையில் குறுக்கே பேசக் கூடாது என்று விட்டுவிட்டார்.

புரட்டாசியில் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். மரத்தை வெட்டிச் சாலையில் போடுவார்கள், டயர் கொளுத்துவார்கள் என்று பேச்சு. இளஞ்செழியன் சங்கராபுரம் வழியாக ஜீப்பில் அலறியடித்துக்கொண்டு வந்தார். அரக்கு, நூல், முத்திரை எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஆபத்து வந்தால் உடனே அப்புறப்படுத்தத் தோதாக, கார் வண்டியின்மேலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, ஆள் வைத்து ஏற்றினார். காரையும் வண்டியையும் சேர்த்து நூல் சுற்றி ஐந்து இடத்தில் அரக்கு வைத்தார். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இறக்கினால் ஆறு மாதம் என்பது இரண்டு வருடமாகும் என்றார். பிறகு போராட்டக்காரர்களைப் பற்றித் தன் கருத்தையும் சொன்னார்.

"பங்கு கேக்கறாங்க. எங்க ஆபீஸ்லயே பாருங்க, முப்பத்தொன்பது பேருக்கு இருபத்தெட்டு நாற்காலிதான். நாங்களே மாத்தி மாத்தி உக்காரறோம். இதுல எங்கேருந்து பங்கு?"

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள் விடியலில் பெரியநாயகிக்கு மூச்சு முட்டியது. நான்கு மாதமாக ஊசி இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை எட்டிப் பிடிப்பது போல இழுத்தாள். விஷயம் தெரிந்து பச்சமுத்து ஓடிவந்தான்.

"மாமா, சாலை முழுக்க மரம் கெடக்குது. வெறும் வண்டின்னா வரப்பு மேல ஏத்தி ஓட்டிக்கினு பூடலாம். நான் ஆளக் கூட்டியாறேன், கார எறக்கிடலாம்."

"சீலு வச்சிருக்கு மாப்ள."

"மயிரு சீலு."

அய்யனார் பெரியநாயகியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு வருசம் உள்ள பூட்டீன்னா நான் யாரப் பாப்பேன். போயி கேட்டுக்கினு வாய்யா. இது இப்பிடித்தான் வரும், போவும்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

அய்யனார் நடந்தார். வெட்டிச் சாய்த்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி, கள்ளக்குறிச்சி வரை பதினைந்து கிலோமீட்டரும் நடந்தார். உச்சிவேளைக்கு மாடிப்படி ஏறினார். சாலை அடைத்ததால் அலுவலகத்தில் வழக்கத்தைவிட வேலை கம்மி. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. இளஞ்செழியன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. உண்மையாகவே வருந்தினார்.

"சீலை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. வைக்கத்தான் அதிகாரம். எடுக்கணும்னா கடலூர் மேலாபீசுக்கு எழுதணும். தபால் போகலை. போனா நாளைக்கே எழுதிடுவேன்." பிறகு முகம் மலர்ந்தார். "ஒண்ணு செய்யலாமே. அம்மாவைக் கார் சீட்ல உக்கார வைங்க. காரோட வண்டியை ஓட்டிட்டு வாங்க. ஆள் உக்காரக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லை. சொந்தக் கார்ல ஆஸ்பத்திரிக்கு வரலாம்."

"கார் பாரத்தோட வரப்புல ஏறாதுங்க. சாலையில மரம் கெடக்குதுங்க."

"அது மரம் வெட்டினவங்களைக் கேக்கவேண்டிய கேள்வி" என்றார் இளஞ்செழியன். அந்தப் பதிலில் அவருக்கே ஒரு நிறைவு வந்தது.

படியிறங்கும்போது பாவாடை பின்னாலேயே வந்து, "போய் அறுத்துப் போடுய்யா, அரக்குதான" என்றார். அய்யனாருக்கு அப்போதுதான் அது வெறும் அரக்கு என்று பட்டது. திரும்பி ஓடினார். ஓடக்கூடிய வயதில்லை. ஓடினார்.

பொழுது சாய்வதற்கு முன் கொட்டாயை எட்டிவிட்டார். வாசலில் பெண்கள் கூடியிருந்ததைத் தூரத்திலேயே பார்த்தார். வண்டி வாசலில் நின்றது. அதன்மேல் கார். அதன் கதவுக் கண்ணாடியில் முகம் பார்த்து ஒரு சேவல் கொத்திக்கொண்டிருந்தது. அரக்கு ஐந்தும் அப்படியே இருந்தன.

அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. சுடுகாட்டில் விறகு அடுக்கினார்கள். பச்சை விறகு. ஊர்ப் புளியமரமெல்லாம் சாலையில் கிடந்து நனைந்திருந்தது. காய்ந்த கட்டை ஒரு வீட்டிலும் இல்லை. மழைக்காலத்தில் சாவு விழுந்தால் எங்கள் பக்கத்தில் பஞ்சர் கடைக்கு ஆள் அனுப்பி நாலு பழைய டயர் வாங்கி விறகுக்கு அடியில் வைப்பது வழக்கம். டயர் பிடித்துக்கொண்டால் ஈர விறகும் எரிந்துவிடும். ஆள் போய் வெறுங்கையோடு வந்தான். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி வரை ஒரு கடையிலும் பழைய டயர் இல்லை. எல்லாம் மூன்று நாளாகச் சாலையில் எரிந்துவிட்டது.

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "அக்காவுக்குன்னு நாலு எடுத்து வச்சிருக்கலாம் மாமா. தோணாமப் போச்சு" என்றான்.

அய்யனார் வீட்டுக்கு நடந்தார். எதற்கு என்று தெரியாமலே பத்துப் பேர் பின்னால் போனார்கள். அவர் அரிவாளால் நூலை அறுத்தார். அரக்கு உதிர்ந்தது. பத்துப் பேர் தள்ளியதும் கார் ஒரு நொடியில் வண்டியை விட்டு இறங்கிச் சேற்றில் குந்தியது. ஏரிக்குக் கழற்றியதில் அய்யனாருக்குக் கை பழகியிருந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றினார். கடப்பாரையை வைத்து நெம்பி டயர்களைத் தனியாக எடுத்தார். வண்டி காலியாக இருந்தது. அதில் வைக்கோல் பரப்பி, பெரியநாயகியைப் படுக்கவைத்து, டயர்களைக் கால்மாட்டில் வைத்து, தானே ஓட்டிப்போனார். வைக்கோல் பரப்பிய வண்டியில் அவள் ஏறி ஆறு மாதமாகியிருந்தது.

மறியல் முடிந்து, மரங்கள் அகற்றப்பட்டு, எட்டாம் நாள் ஜீப் வந்தது. இளஞ்செழியன் அளவுகோலோடு இறங்கினார். பின்னால் ஏட்டோடு பாவாடை. நான்கு கருங்கல்மேல் கார் உட்கார்ந்திருந்தது. இளஞ்செழியன் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு குனிந்து அடியிலும் பார்த்தார், டயர் ஒளிந்துகொண்டிருக்கலாம் என்பது போல.

"டயர் எங்கே?"

அய்யனார் சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினார். என்ன நடந்தது என்பதைப் பச்சமுத்து சொன்னான். சொல்லும்போது அவனோடு நாற்பது பேர் வந்து நின்றுகொண்டார்கள். நாற்பது பேரும் சும்மாதான் நின்றார்கள். இளஞ்செழியன் அவர்களைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். இரண்டு வருடம் என்ற பேச்சு வரவில்லை. டயர் போய்விட்டது என்று எழுதினால் அலுவலகமும் போய்விடும், முப்பத்தொன்பது பேரும் போய்விடுவார்கள் என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவாடையிடமிருந்து ஏட்டை வாங்கி, அந்த மாதத்துப் பக்கத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்தார். அவர் குரல் தணிந்திருந்தது. கிட்டத்தட்ட கெஞ்சியது.

"ஒரே ஒரு தகவல் மட்டும் சொல்லுங்க போதும். கடைசியா நீங்க பாத்தப்போ டயரெல்லாம் எப்படி இருந்தது?"

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர் அய்யனார்.

"நல்லா எரிஞ்சுதுங்க" என்றார்.

இளஞ்செழியன் அதில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, நன்னிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.